பனிமலையில் ஒரு குளிர்கால வேலை: பிள்ளைகள் கேட்பதும் பெற்றோர் அறியவேண்டியதும்

கடந்த சில வருடங்களாக எமது வீடுகளில் புதிதாக ஒரு பேச்சு எழுகிறது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்த மகனோ, மேற்படிப்புக்கு முன் ஒரு வருடம் இடைவெளி எடுக்க நினைக்கும் மகளோ, "வாற குளிருக்கு கனடாவில ஒரு ஸ்கீ ரிசோர்ட்டில வேலை செய்யப் போறன்" என்கிறார்கள். தாய் தகப்பனிடமிருந்து வரும் முதற் கேள்வி, "ஆர் ஏஜென்சி? எவ்வளவு கேக்கிறான்?" என்பது. இரண்டாவது, "கோப்பை கழுவவோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனாங்கள்?"

இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு அவை எங்கிருந்து வருகின்றன என்பது முழுதாகத் தெரியாது. எண்பதுகளில் சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர்ந்தவர்களில் ஏராளமானோரின் முதல் வேலைத்தலம் உணவகங்களினதும் ஹோட்டல்களினதும் சமையலறைதான். வெளியே மற்றவர்கள் பனியில் சறுக்கி விளையாட, நாம் உள்ளே ஆவி பறக்கும் தொட்டியடியில் நின்றோம். வெளிநாடு, வேலை, விசா என்ற மூன்று சொற்களும் ஒரே வசனத்தில் வந்தால் எமக்கு ஈடு வைத்த காணியும் இடைவழியில் காத்துக்கிடந்த மாதங்களும்தான் நினைவுக்கு வரும். பிள்ளை சொல்வது அதுவல்ல. இரு அரசாங்கங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ், தானே இணையவழியில் விண்ணப்பித்து, குறித்த காலத்துக்குச் சென்று, விரும்பிய இடத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் ஏற்பாடு அது. அதற்கு "விடுமுறை வேலை விசா" என்று பெயர். நடுவில் ஆள் தேவையில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டில் எமது சமூகத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அது கடவுச்சீட்டு.

இந்த விசா ஒருவர் வாழும் நாட்டை வைத்து வழங்கப்படுவதில்லை; அவர் எந்த நாட்டின் குடிமகன் என்பதை வைத்தே வழங்கப்படுகிறது. பாரிசில் பிறந்து வளர்ந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளை கனடாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதே வீட்டில், பத்து வருட வதிவிட அட்டையும் அகதிகளுக்கான பயண ஆவணமும் வைத்திருக்கும் அண்ணன் விண்ணப்பிக்க முடியாது. பயண ஆவணம் பல நாடுகளுக்குச் சென்றுவர உதவினாலும் குடியுரிமை ஆகாது. ஒரே குடும்பத்தில் இளையவருக்கு வழி திறந்தும் மூத்தவருக்கு மூடியும் இருப்பதைப் பார்க்கும்போது மனம் கசக்கும். வயதெல்லையும் சேர்ந்துகொள்கிறது. கனடாத் திட்டம் பெரும்பாலான நாட்டவருக்கு 18 முதல் 35 வயது வரை, யப்பானுக்கு 30. குடியுரிமை விண்ணப்பத்தை "பிறகு பாப்பம்" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கும் இளையோர் இதையும் கணக்கில் எடுப்பது நல்லது.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, யப்பான் ஆகிய நான்கு நாடுகளிலும் இந்த விசா இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உள்ள தம்பி முறையான ஒருவர், "கனடா ஸ்கீ ரிசோர்ட் வேலை, விசாவோட, இவ்வளவு லட்சம்" என்ற விளம்பரத்தை அனுப்பி உங்களிடம் காசு கேட்டால், அந்த விளம்பரம் பொய். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அவுஸ்திரேலியா மட்டும் 2024 முதல் ஒரு வாசலைத் திறந்துள்ளது: வருடத்துக்கு 1,000 இடங்கள், 18 முதல் 30 வயது, குலுக்கல் முறையில் தெரிவு.

சுவிஸ் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கும் ஒரு தடை இருக்கிறது. கனடாவுடனான சுவிற்சர்லாந்தின் உடன்பாட்டில் இளம் தொழில்சார் பணியாளர், பயிற்சி ஆகிய இரு பிரிவுகள் மட்டுமே உள்ளன. விடுமுறை வேலைப் பிரிவு இல்லை. அவர்கள் முதலில் ஒரு கனடிய நிறுவனத்திடம் வேலை உறுதி பெற்றாக வேண்டும். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து, இத்தாலி, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கையில் வேலையே இல்லாமல் விசா எடுக்கலாம்.

கனடாவுக்கான திட்டத்தின் பெயர் "இன்டர்நேஷனல் எக்ஸ்பீரியன்ஸ் கனடா". முதலில் அரசின் இணையத்தளத்தில் விபரங்களைக் கொடுத்து, விண்ணப்பதாரர் தொகுப்பில் பெயரைச் சேர்க்க வேண்டும். அதிலிருந்து கட்டம் கட்டமாகக் குலுக்கலில் ஆட்களைத் தெரிந்து அழைப்பு அனுப்புவார்கள். அழைப்பு வந்தால் ஏற்பதற்கு 10 நாள். ஏற்றபின் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்க 20 நாள். பொலிஸ் நற்சான்றுப் பத்திரமும் இதற்குள் வரும் என்பதால், பத்திரங்களை முன்கூட்டியே தேடிவைப்பது புத்தி. சிறுவர் பராமரிப்பு வேலைக்குப் போக எண்ணுபவர் மருத்துவப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். செய்யாவிட்டால் அந்த வேலைகளுக்குச் செல்லாது என்று அனுமதிப்பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். தங்கும் காலம் நாட்டுக்கு நாடு வேறு. ஜேர்மன் கடவுச்சீட்டுக்கு 12 மாதம், பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கு 24 மாதம். பிரெஞ்சு விண்ணப்பதாரர்களுக்குப் போட்டி மிகக் கடுமை என்பதால் அழைப்பு வராமலே ஒரு வருடம் போய்விடவும் கூடும்.

தொகுப்பு வழக்கமாக வருடக் கடைசியில் அல்லது தை மாதத்தில் திறக்கும். நவம்பரில் மலையில் நிற்க விரும்பும் பிள்ளை அந்த வருடத் தையிலேயே பெயரைக் கொடுத்துவிட வேண்டும். செப்டெம்பரில் யோசனை வந்து ஒக்டோபரில் விசா கேட்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

விசா ஒப்புதலாகக் கிடைப்பது ஒரு கடிதம். வேலை அனுமதிப்பத்திரத்தைத் தருவது கனடாவில் இறங்கும் இடத்திலுள்ள எல்லை அதிகாரி. அவர் கேட்கக்கூடியவற்றில் இரண்டு முக்கியமானவை: 2,500 கனடிய டொலர் கைவசம் இருப்பதற்கான வங்கிச் சான்று, தங்கும் காலம் முழுவதுக்குமான மருத்துவக் காப்புறுதி. இரண்டு வருடம் தங்கும் உரிமை உள்ளவர் ஆறு மாதக் காப்புறுதியோடு போனால், அனுமதியையும் ஆறு மாதத்துக்குச் சுருக்கிவிடலாம். பிறகு காப்புறுதியை நீட்டினாலும் அனுமதி நீளாது. சில நூறு டொலரை மிச்சம் பிடிக்கப்போய் ஒன்றரை வருடத்தை இழப்பது இப்படித்தான்.

இனி எங்கே போவது என்பதைப் பார்ப்போம். "கனடாவோ? அப்ப ரொறன்ரோவில பெரியம்மா வீட்டில நிக்கலாம்" என்று அம்மாக்கள் ஆறுதலடைவார்கள். பெரிய பனிமலைகள் இருப்பது நாட்டின் மறுகோடியில். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வான்கூவரிலிருந்து சுமார் 120 கிலோமீற்றர் வடக்கே விஸ்லர். அல்பேர்ட்டாவில் கல்கரியிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் மேற்கே பான்ஃப். ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு விமானத்திலேயே நான்கு மணித்தியாலத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை புட்டும் கறியும் சாப்பிட்டுவிட்டு வரக்கூடிய தூரமல்ல. உறவினர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டுமென்றால், ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் கொலிங்வுட்டில் புளூ மவுண்டன் இருக்கிறது. மொன்றியலுக்கு வடக்கே மொன் திராம்ப்ளான் இருக்கிறது. பின்னதில் பிரெஞ்சு பேசும் பிள்ளைக்கு வரவேற்பு நன்றாகவே இருக்கும். ஆனால் உயரமும் பனியும் மேற்கில்தான்.

2010 குளிர்கால ஒலிம்பிக்கின் அல்பைன் போட்டிகள் விஸ்லரில் நடந்தன. அவுஸ்திரேலிய இளையோர் அங்கு அவ்வளவு அதிகமாக வேலை செய்வதால் "விஸ்ட்ரேலியா" என்று பகிடியாகச் சொல்வார்கள். கடலுக்குக் கிட்ட என்பதால் குளிர் ஓரளவு தாங்கலாம். ஊர்மட்டத்தில் பனிக்குப் பதில் மழையும் பெய்யும். பான்ஃப் அப்படியல்ல, காய்ந்த கடுங்குளிர், சில வாரங்களில் சைபருக்குக் கீழே 25, 30 பாகை. சன்ஷைன், லேக் லூயிஸ், நோர்க்வே என்ற மூன்று சறுக்குமலைகள் அங்கே உள்ளன. ஊர் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், அங்கே வேலை போன்ற தகுந்த காரணம் உள்ளவர் மட்டுமே குடியிருக்கலாம் என்பது சட்டம். பிக் வைட், சன் பீக்ஸ், ஃபேர்னி போன்ற சிறிய இடங்களைப் பலர் கவனிப்பதில்லை. முதன்முறை போகும் பிள்ளைக்கு அவைதான் பொருத்தம் என்பது எமது எண்ணம். அங்கே ஒரு மாதத்தில் எல்லோரும் எல்லோருக்கும் பழக்கமாகிவிடுவார்கள்.

வேலை என்றால் சறுக்கப் பழக்குவது மட்டுமல்ல. லிஃப்ட் கதிரைகளில் ஆட்களை ஏற்றி இறக்குவது, ரிக்கற் சோதிப்பது, சப்பாத்தும் சறுக்குப்பலகையும் வாடகைக்குக் கொடுப்பது, ஹோட்டல் அறை துப்பரவு, சமையலறை, கோப்பி கடை, வாகனத் தரிப்பிடம், இரவில் பனியைச் சமன்செய்யும் இயந்திரம் ஓட்டுவது என்று ஒரு சிறு பட்டணத்துக்குத் தேவையான அத்தனை வேலைகளும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சறுக்கத் தெரிய வேண்டியதில்லை. நோர்வேயிலும் சுவிசிலும் வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு பழகியிருப்பார்கள். லண்டன் பிள்ளை பலகையைத் தொட்டே இருக்காது. அது குறையல்ல, அங்கே போய்ப் பழகலாம். கற்பிப்பவராக வேண்டுமென்றால்தான் கனடிய பனிச்சறுக்குப் பயிற்றுநர் அமைப்பின் முதல்நிலைச் சான்றிதழோ அதற்கு இணையானதோ தேவை.

விண்ணப்பத்தில் எழுத ஒன்றுமில்லை என்று எமது பிள்ளைகள் நினைப்பது தவறு. சனி ஞாயிறுகளில் அப்பாவின் கடையில் கல்லாவில் நின்றது அனுபவம். தமிழ்ப் பள்ளியில் சின்னப்பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியராக இருந்தது, சிறுவர் பிரிவு வேலைக்குக் காட்டக்கூடிய அனுபவம். கோயில் திருவிழாவில் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு பரிமாறிய குழுவில் இருந்ததை எழுதினால் உணவக மேலாளருக்கு உடனே விளங்கும். இரண்டு மூன்று மொழி தெரிவதை முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள். வேலைகள் கோடையிலேயே அறிவிக்கப்படும். ஓகஸ்டிலிருந்து ஒக்டோபர் வரை காணொளி வழி நேர்முகம். நவம்பரில் வேலை தொடக்கம்.

நேர்முகத்தில் பிள்ளை திருப்பிக் கேட்கவேண்டிய முதற் கேள்வி சம்பளமல்ல, தங்குமிடம். இந்த ஊர்களில் வேலைக்குப் பஞ்சமில்லை, அறைக்குத்தான் பஞ்சம். ஊழியர் விடுதியில் இடம் தரும் முதலாளியை, மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் கூடத் தந்தும் இடம் தராதவரைவிட மேலாக வைக்க வேண்டும். விடுதி என்றால் ஓர் அறையில் இருவரோ மூவரோ. வாடகை சம்பளத்திலேயே கழியும். சமூக ஊடகத்தில் படத்தைப் பார்த்து, கண்ணால் காணாத வீட்டுக்கு முற்பணம் அனுப்பவே கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாடகை வீட்டுக்குப் பிணைப்பணமாக அரை மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடமளிப்பதில்லை.

சம்பளம் பெரிதாக இராது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2025 ஜூனில் மணித்தியாலத்துக்கு ஆகக்குறைந்தது 17.85 டொலராக இருந்தது, அல்பேர்ட்டாவில் 2018 முதல் 15 டொலர். வாரம் 35 மணித்தியாலம் என்றால் முன்னதில் சுமார் 625 டொலர், பின்னதில் 525. வரியும் வாடகையும் இதிலிருந்து போகும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு தரவேண்டும். வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸை முதலாளி எடுத்துக்கொள்ள முடியாது. பருவத் தொடக்கத்தில் பனி பிந்தினால் வேலை நேரம் பாதியாகும். முதற் சம்பளம் கைக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகலாம். ஆகவே அரசு கேட்கும் 2,500 டொலரை விடக் கூடுதலாக வைத்திருப்பது நல்லது. இரண்டு மூன்றாயிரம் சேர்த்துக்கொண்டு திரும்பினால் கெட்டித்தனம். வீட்டுக்குக் காசு அனுப்பும் வேலையல்ல இது. பெற்றோர் அந்த எதிர்பார்ப்பை விட்டுவிட வேண்டும். பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய சலுகை, காசு கொடுத்து வாங்கினால் ஆயிரம் டொலரைத் தாண்டக்கூடிய பருவகாலச் சறுக்கு அனுமதி அட்டை. பெரும்பாலான சறுக்குமலை நிறுவனங்கள் அதை ஊழியருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ தருகின்றன.

இன்னொன்று, நத்தார் முதல் புதுவருடம் வரை மலைகள் நிரம்பி வழியும். அந்த நாட்களில் லீவு கிடையாது. மாசியில் பள்ளிக்கூட விடுமுறை நாட்களிலும் அப்படியே. டிசம்பர் கடைசியில் மச்சாளின் கலியாணம் என்றால் பிள்ளை வரமாட்டாது. முன்கூட்டியே சொந்தக்காரருக்குச் சொல்லிவையுங்கள்.

பாதுகாப்பு விடயத்தில் பெற்றோர் பயப்படுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறொன்று. வேலையில் அடிபட்டால் மாகாணத் தொழிலாளர் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். லீவு நாளில் சறுக்கி விழுந்து கால் முறிந்தால் அது பொறுப்பேற்காது. பிள்ளை எடுத்துப்போன காப்புறுதிதான் துணை. சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல, குளிர்கால விளையாட்டுகளைச் சத்தமில்லாமல் விலக்கிவைத்திருக்கும். அந்தப் பந்தியை வாசிக்காமல் கையொப்பமிடக் கூடாது; குறித்த பாதைக்கு வெளியே சறுக்குவதையும் மீட்புச் செலவையும் அது உள்ளடக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பாதைக்கு வெளியே பனிச்சரிவு மட்டுமல்ல, ஊசியிலை மரங்களின் அடியில் பனி மூடிய குழிகளும் உண்டு. தலைகீழாக விழுந்தால் தானாக வெளியேறுவது மிகக் கடினம். தனியாகப் போகாதே என்பதுதான் அங்கே எல்லோரும் சொல்லும் முதல் விதி.

குடியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இருபது வயதுக்காரர் நூற்றுக்கணக்கில் ஒரே ஊரில் கூடுகிறார்கள். இரவு வாழ்க்கை அதற்கேற்றபடிதான் இருக்கும். மது வாங்கும் வயது பிரிட்டிஷ் கொலம்பியாவில் 19, அல்பேர்ட்டாவில் 18. கஞ்சா 2018 முதல் கனடா முழுவதும் சட்டபூர்வம். ஆனால் அதை எல்லை கடந்து கொண்டுவருவது, சிறு துண்டென்றாலும், குற்றம். இதையெல்லாம் வீட்டில் வெளிப்படையாகப் பேசி அனுப்புவது, தெரியாதமாதிரி இருப்பதைவிட மேல்.

"அங்க நிண்டு பி.ஆர். எடுக்கலாமோ?" என்பது தவறாமல் வரும் கேள்வி. கனடிய அனுபவ வகுப்பில் விண்ணப்பிக்க, தகுதிநிலை கூடிய வேலையொன்றில் ஒரு வருட அனுபவம் வேண்டும். லிஃப்ட் வேலையும் அறைத் துப்பரவும் கோப்பை கழுவுவதும் அந்தக் கணக்கில் வராது. சறுக்குப் பயிற்றுநர் வேலையும் வராது. சமையற்காரர் வேலை வரும். மேற்பார்வையாளர் பதவிகளும் வரலாம். நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் உண்மையில் இருந்தால், வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். குளிர்காலம் முடிந்தபின் யோசித்துப் பயனில்லை.

கனடா ஒன்றே வழியுமல்ல. பிரெஞ்சு, ஜேர்மன், டெனிஷ் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைகள் ஒஸ்ரியாவிலோ இத்தாலியிலோ விசாவே இல்லாமல் வேலை செய்யலாம். பலர் இதை மறந்துவிட்டு கனடாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பிரித்தானியப் பிள்ளைகளுக்கு அந்த உரிமை 2021 தையோடு போய்விட்டது. நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன், வனாக்கா பக்கங்களிலும், அவுஸ்திரேலியாவின் பெரிஷர், த்ரெட்போ, ஃபோல்ஸ் கிரீக் மலைகளிலும் பருவம் ஜூன் முதல் ஒக்டோபர் தொடக்கம் வரை. அவற்றுக்கு மாசி பங்குனியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். யப்பானில் ஹொக்கைடோவின் நிசெக்கோவும் நகானோவின் ஹக்குபாவும் ஆங்கிலம் பேசும் விருந்தினரால் நிறைவதால், யப்பானிய மொழி அதிகம் தெரியாதவர்களுக்கும் அங்கே வேலை கிடைக்கிறது.

ஏஜென்சி என்ற முதற் கேள்விக்கு இப்போது வருவோம். இத்திட்டத்துக்கு ஆட்களை உதவியோடு அனுப்பும், கனடிய அரசு அங்கீகரித்த அமைப்புகள் சில உள்ளன. அவை கட்டணம் வாங்கும். பயன்படுத்துவது பெரும்பாலானோருக்குக் கட்டாயமில்லை. ஆனால் ஒரு வேலையைத் தருவதற்காக வேலை தேடுபவரிடம் காசு வாங்குவது பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் சட்டவிரோதம். விசாக் கட்டணம் அரசுக்கு, காப்புறுதிப் பணம் காப்புறுதி நிறுவனத்துக்கு, விமானச் சீட்டு விமான நிறுவனத்துக்கு. நான்காவதாக ஒருவர் கையை நீட்டினால் காசு கொடுக்கமுன் காரணம் கேளுங்கள்.

போய் இறங்கியதும் சமூகக் காப்புறுதி இலக்கத்தை அரச அலுவலகத்தில் இலவசமாகப் பெறலாம். வேலை தந்தவருக்கும் வங்கிக்கும் தவிர வீட்டுக்காரருக்கோ வேறு எவருக்குமோ அதைக் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த வருட மாசி முடிவுக்குள் முதலாளி வருமானப் பத்திரம் அனுப்புவார். அதை வைத்து ஏப்ரல் 30க்குள் வரிக்கணக்கு சமர்ப்பிக்க வேண்டும். குறைந்த மாதங்கள் மட்டும் வேலை செய்தவர்களில் பலருக்குக் கழித்த வரியில் ஒரு பங்கு திரும்பி வரும். பிள்ளைகள் நாடு திரும்பும் அவசரத்தில் கனடிய வங்கிக் கணக்கை மூடிவிட்டு, பிறகு அந்தக் காசு எங்கே போனது என்று தேடுவார்கள். வரிப்பணம் வந்து சேரும்வரை கணக்கைத் திறந்து வைத்திருக்கவும், வருமானப் பத்திரம் வந்துசேரக்கூடிய முகவரியொன்றைக் கொடுத்துவிட்டு வரவும் சொல்லுங்கள். ரொறன்ரோப் பெரியம்மாவின் முகவரி இதற்குத் தாராளமாகப் போதும்.